இடது காலுக்காக ஒன்பது பேர்

பிப்ரவரி 5
ஆண்கள் வார்டு, நான்காவது மாடி, படுக்கை 9

அக்காவுக்கு,

இது தகவல் மட்டும். உறவு கொண்டாட எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே சேர்க்கும்போது நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். தலைமை நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாரும் இல்லாம ஆகாயத்துலேர்ந்து குதிச்சீங்களா?" என்று கேட்டார். உன் விலாசத்தைக் கொடுத்தேன். "நீங்களே ரெண்டு வரி எழுதிப் போடுங்க, நாங்க எழுதினா பயந்துடுவாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

கால் உடைந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில். எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன், பதினைந்து மாடிக் குழிக்குள் தொங்கியிருக்கிறேன், உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை. விழுந்தது என் வீட்டுச் சமையலறையில். பல்பு மாற்ற முக்காலியில் ஏறினேன். முக்காலியின் உயரம் இரண்டடி. விழும்போது கால் முக்காலிக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சிரிக்காதே. கம்பெனியில் எல்லாரும் சிரித்தாகிவிட்டது, அது போதும்.

போன் செய்யாதே. நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் கத்துவோம், வார்டில் இருபது பேர் படுத்திருக்கிறார்கள். முக்கியமாக, உன் ஜெபக்குழுவில் என் பேச்சை எடுக்காதே. என் மனைவி படுத்திருந்தபோது நீங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து செய்த ஜெபம் எனக்கு நினைவிருக்கிறது. நாலு வருடம் ஆகிறது. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று வாசலில் வைத்து உன்னிடம், "உன் கடவுளையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றேனே, அதில் எந்த மாற்றமும் இல்லை.

தம்பி

பிப்ரவரி 10

தம்பிக்கு,

உன் தகவல் கிடைத்தது. நானும் தகவல்தான் எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்கு உன் கடிதம் வந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் உன் கால் ஜெபக்குழுவின் பதிவேட்டில் ஏறிவிட்டது. வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தேன். அப்படித்தான் சொல்வேன், நீ நம்பினால் நம்பு.

இப்போது எங்கள் குழு முன்போல இல்லை. மேடம்தான் தலைவி. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "பொத்தாம் பொதுவா எல்லாரையும் காப்பாத்தும்னு கேட்டா, மேல எந்த ஃபைல்ல போடுவாங்க?" என்று கேட்டு, வந்த முதல் வாரமே படிவம் அச்சடித்துவிட்டார். நோயாளி என்ன உறவு, எந்த உறுப்பு, இடதா வலதா, எந்தத் தேதிக்குள் குணம் தேவை, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகத்தில் அடித்தாற்போலத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்று பிரதி. ஒன்று பதிவேட்டுக்கு, ஒன்று ஜெபிக்கிறவர்களுக்கு, மூன்றாவது எதற்கு என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. பதிவேடு என் பொறுப்பு.

நீயோ எந்தக் கால் என்று எழுதவில்லை. காலியாக விட முடியாது. சின்ன வயதில் நீ எங்கே விழுந்தாலும் இடப்பக்கமாகத்தான் விழுவாய். சைக்கிளிலிருந்து, மதிலிலிருந்து, ஒருமுறை நின்ற இடத்திலிருந்தே. அதனால் இடது கால் என்று எழுதினேன். ஒன்பது பேர், தினமும் காலை ஆறு மணிக்கு, உன் இடது காலுக்காக.

வரட்டுமா என்று நான் கேட்கப் போவதில்லை. ரயிலில் ஒன்றரை நாள், அது ஒன்றும் பெரிய தூரம் இல்லை. ஆனால் போ என்று சொன்ன வாய்தான் வா என்றும் சொல்ல வேண்டும். எனக்கும் கடையில் முந்நூறு பள்ளிச் சீருடை தைக்கக் கிடக்கிறது.

அக்கா

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

உடைந்தது வலது கால்.

உங்கள் ஒன்பது பேருக்கும் சொல்: இடது கால் நலமாக இருக்கிறது. போன மாதமும் நலமாகத்தான் இருந்தது. இப்போது அதைவிட நலம். சுண்டுவிரல் பக்கத்தில் மூன்று வருடமாக இருந்த கால் ஆணி உதிர்ந்துவிட்டது. தோல் குழந்தையின் தோல் மாதிரி இருக்கிறது. இதற்குமேல் ஜெபித்தால் அது தனியாக எழுந்து நடந்து போய்விடும். நான் வலது காலோடு இங்கேயே கிடப்பேன்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொட்டாவி என்று பெயர் வைத்திருக்கிறேன். நான் எது பேச ஆரம்பித்தாலும் வாயைத் திறந்துவிடுவார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது மட்டும் கொட்டாவி விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தையல் போட்ட வயிறு, நர்ஸ் வந்து திட்டினார்.

வலியைவிடப் பெரிய தொல்லை இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட். என் படுக்கைக்கு நேர் பின்சுவரில் ஓடுகிறது. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது ஒரு முனகல். அது ஏறி இறங்குகிற தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டு ஒரு வருடமாவது இருக்கும். வார்டு ஆள் மீசையிடம் சொன்னேன். (மீசை என்பது நான் வைத்த பெயர் இல்லை, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) "காலை உடைச்சுக்கிட்டு வந்தவர் லிஃப்டுக்கு வைத்தியம் பார்க்குறார்" என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

வலது என்று ஒரு வார்த்தை எழுத உனக்கு மை தீர்ந்துவிட்டதா? முக்காலியின் உயரத்தை எழுதத் தெரிந்தது!

படிவத்தைத் தூக்கிக்கொண்டு மேடம் வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "நடப்புல இருக்கிற விண்ணப்பத்துல அடித்தல் திருத்தல் கூடாது. புது விண்ணப்பம் மாச முதல் வெள்ளிக்கிழமைதான் வாங்குவோம்" என்றார். "மேடம், கடவுளுக்குத் தெரியாதா எந்தக் காலுன்னு?" என்று கேட்டேன். "அவருக்குத் தெரியும். நாம என்ன கேக்கிறோம்னு நமக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அந்த வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்?

வாய் தவறி உன் கால் ஆணி உதிர்ந்ததைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அன்றைக்குக் கூட்டத்தில் அதைச் சாட்சியாக வாசித்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். மருந்துக்கடை வைத்திருக்கிற அம்மா மட்டும், "நடக்காம படுத்திருந்தா ஆணி தானா உதிரும்" என்றார். அவரை அடுத்த கூட்டம் வரை பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அதை ஏன் எழுதவில்லை?

அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். மூன்று நாளாகக் காய்ச்சல். காயத்தில் சீழ் வைத்திருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். கொட்டாவி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

நீ நீளமாக எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. சுருக்கமாக எழுதினால் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். அப்பாவிடம் அடி வாங்கிய அன்றைக்குத்தான் நீ இப்படி அளந்து பேசுவாய். என்ன நடக்கிறது என்று முழுதாக எழுது.

முதல் வெள்ளி நெருங்கிவிட்டது. ஆனால் வலது காலுக்குப் புது விண்ணப்பம் போட வேண்டுமானால் இடது கால் விவகாரத்தை முதலில் முடித்து வைக்க வேண்டுமாம். முடிவு அறிக்கையில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்து வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். மேடத்திடம் நானும் கத்திப் பார்த்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு, கண்ணே.

அக்கா

மார்ச் 8
விரைவுத் தபால்

அக்காவுக்கு,

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். உறுப்பு: இடது கால். தற்போதைய நிலை: கண் பட்டுவிடும் அளவுக்கு நன்று. மேற்கொண்டு ஜெபம் தேவையா: தயவுசெய்து வேண்டாம். கையெழுத்தும் போட்டுவிட்டேன். மேடத்துக்குத் திருப்திதானே?

இனி விஷயத்துக்கு வருகிறேன். வலது காலில் சீழ் எலும்பு வரை போய்விட்டதாம். இன்னும் ஐந்து நாள் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். அடங்கவில்லை என்றால் பதினாலாம் தேதி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். டாக்டர் இதை என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்தான். நானும் லிஃப்டை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லும்போது உரிமையாளர் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒற்றைக் காலோடு எந்தக் குழிக்குள் இறங்குவேன்? யார் வேலை கொடுப்பார்கள்? கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கிவர முடியுமா? பயமாக இருக்கிறது, அக்கா. நாற்பத்தெட்டு வயதில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். போதுமா, முழுதாக எழுதச் சொன்னாயே.

என் மனைவிக்கு நீங்கள் உறுப்பு எதையும் மாற்றிக் கேட்கவில்லை. பக்கம் தவறவில்லை. ஒன்பது பேரும் சரியாகத்தான் கேட்டீர்கள். இரண்டு மாதம். கதவு திறக்கவில்லை. அவரை நம்பி இன்னொரு முறை நான் எப்படிப் படுப்பது? இதற்குப் படிவம் வேண்டாம், பதில் இருந்தால் எழுது.

தம்பி

மார்ச் 11
விரைவுத் தபால்

என் தம்பிக்கு,

என்னிடம் பதில் இல்லை. ஆனால் உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஒன்பது பேர், ஒன்பது பேர் என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாய். எட்டுப் பேர்தான். ஒன்பதாவது ஆள் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறாள். உன் மனைவி போனதிலிருந்து நான் ஒருநாள்கூட ஜெபிக்கவில்லை. காலையில் எல்லாரும் கண்ணை மூடுவார்கள், நான் அட்டவணைக்குக் கோடு போடுவேன். நீ வாசலில் வைத்துச் சொன்னது எனக்கு வலிக்கவில்லை என்றா நினைத்தாய்? நீ சொன்னதைத்தான் நானும் நினைத்தேன், அதுதான் வலித்தது. மேடம் படிவத்தோடு வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுத்து வேலை இருந்தால் பேச வேண்டியதில்லை பார்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கால் மிதிக்கவில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்தேன். எந்தக் கால் என்று சொல்லவில்லை. எந்தத் தேதிக்குள் என்று சொல்லவில்லை. "ஆண்டவரே, என் தம்பி பயந்துபோய் இருக்கான். அவன்கூட இரும்." அவ்வளவுதான் வந்தது. பிறகு பொத்தான் வாங்க வந்தவர், "என்னம்மா, கண்ல நூல் விழுந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

படிவத்தில் ஏற்ற முடியாத ஜெபம். மேடத்திடம் காட்டவில்லை.

அக்கா

மார்ச் 18

அக்காவுக்கு,

கால் போய்விட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை உன்னைத் தவிக்க விட வேண்டாம். முழங்கால் இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு சாண் இருக்கிறது, மிச்சம் இல்லை. இனி நான் ஒற்றைக் காலில் நின்றால் யாரும் அதைப் பிடிவாதம் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு நடந்ததை உனக்கு மட்டும்தான் எழுத முடியும்.

காலையில் உன் விரைவுத் தபால் வந்தது. படித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டேன். நர்ஸ் ஒரு ஊசி போட்டார். மீசையும் வேலைக்குச் சேர்ந்து பத்து நாளான ஒரு சின்ன நர்ஸும் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி லிஃப்டுக்குள் தள்ளினார்கள். அறுவை அரங்கு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிளம்பியது. மூன்றாவது மாடியில் அந்த முனகல் வந்தது. ஒரு குலுக்கு. நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது.

இருபத்திரண்டு வருட மெக்கானிக், காலை எடுக்கப் போகும் வழியில், லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். கம்பெனியில் இதற்கும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மீசை எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். அபாய மணி வேலை செய்யவில்லை. பிறகு கதவை நெம்ப ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய ஆளுக்கு மூச்சு இரைத்தது. சின்ன நர்ஸ் அழுதுகொண்டே, "நாம செத்துடுவோமா?" என்று என்னைக் கேட்டாள். கத்தியின் கீழே போகிறவன் நான், என்னைக் கேட்கிறாள்!

அக்கா, எங்கள் வேலையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கம்பெனிப் புத்தகத்தில் இல்லாதது. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் மற்ற மெக்கானிக்குகள் நேரே மேலே மெஷின் அறைக்கு ஓடுவார்கள். நான் என் கூட்டாளியை அங்கே அனுப்பிவிட்டு, முதலில் அவர்கள் நிற்கும் மாடிக்குப் போவேன். கதவில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டி, "நான் வந்துட்டேன். இங்கதான் நிக்கிறேன். காத்து வரும், பயப்படாதீங்க" என்பேன். கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆனாலும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருப்பேன். என் லிஃப்டில் இதுவரை ஒருவர் மயங்கி விழுந்ததில்லை. வெளியே வந்ததும் முக்கால்வாசிப் பேர் கதவு திறந்ததைப் பற்றிப் பேசமாட்டார்கள். "உங்க குரல் கேட்டதும் உசிர் வந்துச்சு" என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்கு வெளியே தட்ட ஆள் இல்லை. அதனால் உள்ளேயிருந்து நானே சொன்னேன். "மீசை, கதவைத் தொடாதீங்க. சிஸ்டர், இப்படி வந்து என் கையைப் பிடிச்சுக்குங்க. இது விழாது. விழாம இருக்கத்தான் அத்தனை கயிறு. நான் இருக்கேன்." இரண்டு பேரும் அடங்கினார்கள். மீசை என் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் அமைதியாகிவிட்டது. அவர்களுக்கு நான் இருந்தேன், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. கையில் உன் கடிதம். மனசுக்குள் கேட்டேன்: "யாராவது இருக்கீங்களா?" கடவுளே என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு குரலும் கேட்கவில்லை. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் ஆள் நிற்கிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியும். ஆள் இல்லாத மாடியின் சத்தம் வேறு, ஆள் நிற்கிற மாடியின் சத்தம் வேறு. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தது. தட்டவில்லை, பேசவில்லை, போகவும் இல்லை. எனக்குப் பயம் விட்டுப்போயிற்று, அக்கா. கால் போகும் என்று தெரியும். ஆனாலும் விட்டுப்போயிற்று. ஊசியின் வேலை என்று நீயே நினைக்கலாம். நானும் நினைத்துப் பார்த்தேன். அந்த ஊசியை மறுபடி இரண்டு முறை போட்டிருக்கிறார்கள், தூக்கம்தான் வந்தது.

நாற்பது நிமிடம் கழித்து எலக்ட்ரீஷியன் வந்தார். சாவியைத் தேடிக்கொண்டு கேன்டீனில் இருந்தாராம். கதவு இடுக்கு வழியாக மீசையைக் கத்தச் சொல்லி, மெஷின் அறையில் பிரேக்கை எப்படித் தளர்த்துவது, சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தரைக்கு அரை அங்குலம் தாழ நிறுத்தினார். ஸ்ட்ரெச்சர் இடிக்கும், சரியாக நிறுத்து என்று மறுபடி சுற்ற வைத்தேன். வெளியே டாக்டர் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். அவரைக் காக்க வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் தண்டவாள எண்ணெயைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேனாம். மீசை சொல்கிறார், எனக்கு நினைவில்லை.

என் மனைவி படுத்திருந்த அந்த இரண்டு மாதமும் நான் மெஷின் அறையிலேயே இருந்தேன், அக்கா. இந்த டாக்டர், அந்த டாக்டர், இந்தப் பரிசோதனை. எப்படியாவது கதவைத் திறந்துவிட வேண்டும். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "அக்கா பக்கத்துல இருந்தா வலி பாதியாயிடுது" என்று அவள் என்னிடம் சொன்னாள். பலமுறை சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசியில் கதவு திறக்காத கோபத்தில், அவளோடு நின்றவளைத்தான் வாசலுக்குத் தள்ளினேன்.

மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கமில்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேட்டேன் என்று வைத்துக்கொள்.

தம்பி

மார்ச் 23

என் கண்ணே,

வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அழுதேன். ஒரே சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டேன், அந்தப் பிள்ளையின் அம்மா வந்து என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் எனக்கு ஒன்று மனதை அறுக்கிறது. நான் அந்தப் படிவத்தில் வலது கால் என்று எழுதியிருந்தால்? ஒரு மாதம், எட்டுப் பேர், தவறான காலுக்கு. மேடத்திடம் போய்க் கேட்டேன். "என்னால போயிடுச்சா மேடம்?" உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். உன் கையெழுத்து வந்ததும் வெள்ளிக்குக் காத்திராமல் நான் ஏற்றிவைத்த வலது காலுக்கு நேரே 'முடிவு' என்ற கட்டம். ஆம், இல்லை, காத்திருக்கவும், மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். பேனாவைத் திறந்தார், மூடினார். "இதை இப்படியே விடும்மா" என்று சொல்லிக் காலியாக விட்டுவிட்டார். அவர் வீட்டில் காலண்டரில்கூடக் காலிக் கட்டம் இருக்காது!

அவர் என்ன சொன்னால் என்ன, எனக்கு ஆறவில்லை. நீ சொல்லு.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

நேற்று எழுந்து நின்றேன்.

பயிற்சி கொடுக்கிற பெண் சினிமாப் போலீஸ் மாதிரி இருப்பாள், குரலும் அப்படித்தான். இரண்டு ஊன்றுகோலைக் கொடுத்து, "எழுந்திரிங்க" என்றாள். ரொம்ப நாள் படுத்தவர்களுக்கு நல்ல காலும் சோர்ந்துபோகும், முதல் வாரம் நிற்கவே வராது, விழுந்தால் பிடித்துக்கொள்கிறேன் என்று முன்னெச்சரிக்கையும் சொன்னாள். நின்றுவிட்டேன். ஆடவில்லை. அவள் குனிந்து என் இடது காலைத் தட்டிப் பார்த்து, "ரெண்டு மாசம் படுத்த கால் மாதிரியே இல்லையே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை, ஒன்பது பேர் செய்தார்கள் என்றேன். (எட்டு என்று சொல்ல மனது வரவில்லை.) அவளுக்குப் புரியவில்லை. மீசைக்கு எல்லாம் தெரியும், அவர்தான் என் கடிதங்களைத் தபாலில் போடுகிறவர், ஒட்டுவதற்கு முன்பு படிக்கிறார் என்று நினைக்கிறேன். ஓவென்று சிரித்தார்.

இனி என் உடம்பு முழுக்க இந்த ஒரு காலின் மேல்தான் நிற்க வேண்டும். அதற்காகக் கேட்டதைத் தவறு என்று சொல்லாதே. நீ தவறாக எழுதினாய் என்று இனி யாராவது சொன்னால், நீயே சொன்னாலும், என் இடது காலால் ஒரு உதை விடுவேன். உதைத்தால் விழுந்துவிடுவேன், இருந்தாலும் விடுவேன்.

வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. வலி இருக்கிறது. இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கிறது, எங்கே சொறிவது? காலையில் கண் விழித்ததும் ஒரு நொடி மறந்துபோய், இரண்டு காலையும் கீழே வைக்கப் பார்க்கிறேன். அப்புறம் நினைவு வருகிறது. அப்போதெல்லாம், "இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இதை ஜெபம் என்று பதிவேட்டில் ஏற்றாதே.

வா, அக்கா.

தம்பி

ஏப்ரல் 11, காலை பத்தரை
மீசை கையில் கொடுத்தனுப்பியது

தம்பிக்கு,

வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே வரவில்லை. நீ எழுதின கடிதத்தைப் படித்த பிறகு அந்த லிஃப்டில் நான் ஏறுவேனா? மாடிப்படி ஏறலாம் என்று பார்த்தேன், எட்டாவது படியில் முழங்கால் இரண்டும் இது நடக்காது என்று சொல்லிவிட்டன. ஒன்றரை நாள் பயணம் செய்து வந்துவிட்டு நாலு மாடிக்காகத் தோற்றுப்போனேன். மீசை என்னைப் பார்த்ததும், "இடது கால் அக்காவா?" என்று கேட்டார். என்ன செய்யலாம், சொல்.

அக்கா

பத்தே முக்கால்

அக்காவுக்கு,

லிஃப்டைப் பழுது பார்த்தாகிவிட்டது. நான் படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல எலக்ட்ரீஷியன் செய்தார். முனகல் நின்றுவிட்டது. தைரியமாக ஏறி வா.

தம்பி

பத்து ஐம்பத்தைந்து

தம்பிக்கு,

ஏறினேன். கதவு மூட ஆரம்பித்ததும் இறங்கிவிட்டேன். கூட ஏறின நாலு பேரும் பயந்துபோய் இறங்கிவிட்டார்கள். என்னால் முடியாது, கண்ணே. நாலு வருடம் கழித்து வந்தும் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். மருந்து ஜன்னலில் இருக்கிறவர் தண்ணீர் கொடுத்தார்.

அக்கா

பதினொன்று

அக்கா,

அழாதே. பெஞ்சை விட்டு நகராதே. நான் கீழே வருகிறேன்.

படுக்கையிலிருந்து லிஃப்ட் வரைக்கும் முப்பத்திரண்டு அடி, கீழே லிஃப்டிலிருந்து உன் பெஞ்சுக்கு இருபது இருக்கும் என்கிறார் மீசை. இதுவரை நான் பத்தடிக்குமேல் நடந்ததில்லை. சக்கர நாற்காலி கொண்டு வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயிற்சிக்காரி திட்டிக்கொண்டே ஒரு பக்கம் வருகிறாள், சின்ன நர்ஸ் மறுபக்கம். நேரம் ஆகும். நடுவில் நின்று நின்று மூச்சு வாங்குவேன், அதற்காக எழுந்து ஓடி வராதே.

லிஃப்ட் கதவு திறந்ததும் என்னைத்தான் பார்ப்பாய். முதலில் காலைப் பார்க்கத் தோன்றும். பார்த்துக்கொள், பரவாயில்லை. ஆனால் பாதி வழியில் வந்து பிடித்துவிடாதே. உன் முன்னால் வந்து நான் நிற்க வேண்டும். நின்ற பிறகு பிடித்துக்கொள், விடாதே.

தம்பி